மண்பட்டியும் பெனிசிலினும்: காந்தியின் உடம்பு சொல்லும் கதை

உயரம் 165 சென்டிமீட்டர். எடை 46.7 கிலோ. 1937 அக்டோபர் 26 அன்று ரத்த அழுத்தம் 194/130. 1940 பிப்ரவரி 19 அன்று 220/110. இன்றைக்கு இந்த எண்களோடு யாராவது ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால், வீல்சேரில் உட்காரவைத்து நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எண்களுக்கு உரியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவருடைய 150ஆவது பிறந்த ஆண்டையொட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் வெளியிட்ட தொகுப்பில் இவை இருக்கின்றன. மூன்று முறை மலேரியா, 1919இல் மூலத்துக்கு அறுவை, 1924இல் குடல்வால் அறுவை என்று பட்டியல் நீள்கிறது.

இதே மனிதர்தான் வாழ்நாள் முழுக்க ஆரோக்கியம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மருந்து வேண்டாம், மண்ணும் தண்ணீரும் வெயிலும் போதும், கடவுளை நம்பு, உன் உடம்பை நீயே பார்த்துக்கொள் என்றார். காந்தி பக்தர்கள் முதல் பத்தியைச் சொல்ல மாட்டார்கள். காந்தியைப் பிடிக்காதவர்கள் அதை மட்டும்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நம்பிக்கை, தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, ஒழுங்கான பழக்கம் இவை மூன்றும் ஒரு மனிதனின் நலத்துக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு, இவ்வளவு விவரமாகப் பதிவான உடம்பு உலகத்திலேயே வேறு இருக்குமா தெரியவில்லை. தன் மலச்சிக்கலைக் கூட சுயசரிதையில் எழுதி வைத்த தலைவர் வேறு யார்?

முதலில் ஒரு பொதுவான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். காந்தியின் வைத்திய முறை நம் முன்னோர் தந்த சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் பத்தியத்தோடும் லங்கணத்தோடும் அதற்கு ஒற்றுமை இருப்பது உண்மைதான். ஆனால் அவர் அதைக் கற்றது ஜெர்மானியர்களிடம். லைப்சிக் நகரத்து லூயி கூனே இடுப்புக் குளியலைச் சொல்லிக்கொடுத்தார். அடால்ஃப் ஜூஸ்ட் எழுதிய 'இயற்கைக்குத் திரும்பு' என்ற புத்தகம் மண்பட்டியைத் தந்தது. இரண்டு பேரும் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்திக்கு அடிக்கடி தலைவலி, மலச்சிக்கல். மான்செஸ்டரில் 'காலை உணவு வேண்டாம் சங்கம்' என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரும் காலைச் சாப்பாட்டை விட்டார். தலைவலி போய்விட்டது. தான் அதுவரை தேவைக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று புரிந்துகொண்டார். மலச்சிக்கலுக்கு ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தார். அதுவும் கேட்டது.

இது வரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. தன் வயிறு, தன் மண். சிக்கல் ஆரம்பிப்பது 1902இல், பம்பாயில்.

இரண்டாவது மகன் மணிலாலுக்கு அப்போது பத்து வயது. டைபாய்டு, கூடவே நிமோனியா, ராத்திரியில் பிதற்றல். பார்க்க வந்த பார்சி டாக்டர், மருந்து பெரிதாக உதவாது, முட்டையும் கோழிச் சாறும் கொடுங்கள் என்றார். காந்தி மறுத்தார். பையனிடம் டாக்டர் சொன்னதையும் தான் செய்ய நினைப்பதையும் சொல்லிக் கேட்டார். பையன், உங்கள் தண்ணீர் வைத்தியமே போதும், முட்டையும் வேண்டாம் சாறும் வேண்டாம் என்றான். இந்த இடத்தில் காந்தி ஒன்றை ஒப்புக்கொள்கிறார் பாருங்கள்: தான் எடுத்துக் கொடுத்திருந்தால் மகன் அதையும் சாப்பிட்டிருப்பான் என்பது தனக்குத் தெரியும் என்கிறார். அதாவது சம்மதம் கேட்டவர், அந்தச் சம்மதத்தின் எடை எவ்வளவு என்பதையும் தெரிந்தே எழுதுகிறார். சத்திய சோதனையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடங்களில் இது ஒன்று.

மூன்று நாள் இடுப்புக் குளியலும் ஆரஞ்சுச் சாறும். காய்ச்சல் 104 வரை ஏறியது. பெற்ற பிள்ளைமேல் சோதனை செய்ய எனக்கு என்ன உரிமை என்று தன்னையே கேட்டுக்கொண்டு இரவில் தவிக்கிறார். ஈரத்துணியைப் பிழிந்து பையன் உடம்பைச் சுற்றி, மேலே கம்பளி போர்த்திவிட்டு, சௌபாத்தி கடற்கரைப் பக்கம் ராமநாமம் சொல்லிக்கொண்டே நடக்கிறார். திரும்பி வந்தபோது மணிலாலுக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. பையன் பிழைத்தான். பிழைத்தது கடவுள் அருளாலா, தண்ணீராலா, பக்குவமான சாப்பாட்டாலும் கவனிப்பாலுமா என்று யார் சொல்ல முடியும் என்று கேட்டுவிட்டு, தன் மானத்தைக் காத்தது கடவுள்தான் என்று முடிக்கிறார். கேள்வி விஞ்ஞானியுடையது, பதில் பக்தருடையது. அவருடைய எழுத்தில் இந்த இரண்டும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, 1904இல், ஜோஹன்னஸ்பர்க்கில் நுரையீரல் பிளேக். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த இந்தியர்கள் 23 பேர் ஒரே ராத்திரியில் படுக்கையில். காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் அவர்களைக் கிடத்தி, டாக்டர் காட்ஃப்ரேயும் காந்தியும் இன்னும் சில இளைஞர்களும் பார்த்துக்கொண்டார்கள். நோயாளிகளுக்கு அவ்வப்போது பிராந்தி கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பார்த்துக்கொள்பவர்களும் முன்ஜாக்கிரதையாகக் குடிக்கலாம். பிராந்தி இல்லாமல் இருக்கச் சம்மதித்த மூன்று பேருக்கு மட்டும், டாக்டர் அனுமதியோடு, தலையிலும் மார்பிலும் ஈர மண்பட்டி. மூவரில் இருவர் பிழைத்தார்கள். மற்ற 20 பேரும் அந்தக் கிடங்கிலேயே இறந்தார்கள்.

வாட்ஸ்அப் காலத்தில் இந்த ஒரு சம்பவம் போதும், 'பிளேக்கைக் குணப்படுத்திய மண்' என்று ஊர் முழுக்கச் சுற்றவிடுவதற்கு. காந்தி அப்படிச் செய்யவில்லை. அந்த இருவர் எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது, மண் வைத்தியத்தில் தன் நம்பிக்கை கூடியதற்கு உறுதியான ஆதாரம் ஒன்றுமில்லை, ஆனாலும் கூடியது என்கிறார். மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று புள்ளியியல் படித்தவர்கள் இன்று சொல்வதை, அவர் தன் பாணியில் அன்றே சொல்லிவிட்டார். நம்பிக்கையை நம்பிக்கை என்றே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இந்த நேர்மைதான் அவரைச் சாதாரண நாட்டு வைத்திய விளம்பரக்காரர்களிடமிருந்து பிரிக்கிறது. என் அபிப்பிராயம் அது.

1913இல் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் குஜராத்தியில் ஆரோக்கியம் பற்றித் தொடர் எழுதினார். அது புத்தகமாகி, ஆங்கிலத்தில் வந்தது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? நம்ம திருவல்லிக்கேணியிலிருந்து. ஏ. ராம ஐயர் மொழிபெயர்க்க, எஸ். கணேசன் 1921இல் வெளியிட்டார். தன் எழுத்துகளிலேயே அதிகம் பேர் படித்தது இந்தச் சின்னப் புத்தகம்தான் என்று காந்தியே பிற்பாடு எழுதுகிறார். அரசியலைவிட மக்களுக்கு வயிறுதான் முக்கியம் போல.

அந்தப் புத்தகங்களில் பெரும்பகுதி வெகு சாதாரணமான சங்கதிகள். ஜன்னலைத் திறந்து வை. கண்ட இடத்தில் துப்பாதே. கழித்ததை மண் போட்டு மூடு. மென்று தின்னு. நட. உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டும் என்று பின்னால் எழுதிய 'ஆரோக்கியத்தின் திறவுகோல்' நூலில் ஒரு கணக்குக் கொடுக்கிறார்: பால் 2 பவுண்டு, தானியம் 6 அவுன்ஸ், கீரை 3 அவுன்ஸ், மற்ற காய்கள் 5 அவுன்ஸ், பச்சையாக 1 அவுன்ஸ், நெய் ஒன்றரை அவுன்ஸ், வெல்லமோ சர்க்கரையோ ஒன்றரை அவுன்ஸ், பிறகு அவரவர் வசதிக்கேற்பப் பழம். 6 அவுன்ஸ் என்றால் 170 கிராம் சொச்சம். அரிசி, கோதுமை எல்லாம் சேர்த்து, நாள் முழுவதற்கும்! நம் வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே உலையில் எவ்வளவு போடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். காய்கறியும் கீரையும் சேர்ந்து தானியத்தைவிட அதிகமாக இருக்கிற தட்டு அது. இன்றைய சர்க்கரை நோய் டாக்டர்கள் படம் வரைந்து காட்டும் தட்டும் ஏறக்குறைய அதுதான். நெய்யை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்வார்கள்.

நடை விஷயம். அவர் 40 வருஷம் தினமும் 18 கிலோமீட்டர் நடந்தார், 1913 முதல் 1948 வரை இயக்கங்களில் 79,000 கிலோமீட்டர், உலகத்தை இரண்டு சுற்று என்றெல்லாம் சொல்கிறார்கள். 79,000ஐ 35 வருஷத்துக்கு வகுத்தால் நாளைக்கு 6 கிலோமீட்டர் சொச்சம்தான் வருகிறது. 18 எங்கே, 6 எங்கே? ரயிலிலும் சிறையிலும் உண்ணாவிரதப் படுக்கையிலும் கழிந்த நாட்களை எண்ணினால் தினம் 18 என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஆனால் மாணவராக இருந்தபோது பிடித்த நடையைக் கடைசி நாள் வரை விடவில்லை என்பதில் சந்தேகமில்லை. 1930இல், 60 வயதில், தண்டிக்கு 24 நாளில் சுமார் 390 கிலோமீட்டர் நடந்தது எல்லோரும் பார்த்தது. அந்த ரத்த அழுத்தத்தோடு 78 வயது வரை நடமாடியதற்கு எதையாவது காரணம் சொல்ல வேண்டுமென்றால், மண்பட்டிக்கு முன்னால் இந்த நடையையும் அந்தத் தட்டையும்தான் நான் சொல்வேன்.

சரி, மறுபடி சிக்கலுக்கு வருவோம். 1909 வாக்கில் டர்பனில் கஸ்தூரிபாவுக்கு ரத்தப்போக்கு. மயக்க மருந்து இல்லாமலே ஓர் அறுவை நடந்தது, அவ்வளவு மெலிந்திருந்தார். காந்தி ஜோஹன்னஸ்பர்க்கில். மாட்டிறைச்சிச் சாறு கொடுக்கலாமா என்று டாக்டர் தொலைபேசியில் கேட்க, நான் அனுமதி தர முடியாது, அவளைக் கேளுங்கள் என்றார் காந்தி. இந்த நிலையில் நோயாளியைக் கேட்க முடியாது என்றார் டாக்டர். காந்தி ரயிலேறி வந்தால், டாக்டர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கஸ்தூரிபா உறுதியாகச் சொன்னார்: அந்தச் சாறு வேண்டாம், உங்கள் மடியில் செத்தாலும் சாவேன். தூறலில் ரிக்‌ஷாவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஃபீனிக்ஸ் பண்ணையில் சேர்த்தார். தண்ணீர் வைத்தியத்தில் மெல்லத் தேறினார்.

பிறகு மறுபடி ரத்தப்போக்கு வந்தபோது, உப்பையும் பருப்பையும் விடச் சொல்கிறார் காந்தி. உங்களை விடச் சொன்னால் உங்களாலேயே முடியாது என்று கஸ்தூரிபா மடக்கினார். இந்தா, ஒரு வருஷத்துக்கு விட்டுவிட்டேன் என்று இவர் அந்த நிமிஷமே சபதம் போட, அந்த அம்மாள் அழுதுவிட்டார். காந்திக்கு இது இல்வாழ்க்கையின் இனிய நினைவு. எனக்கு அப்படி முழுசாக இனிக்கவில்லை. பிடிவாதத்தையே மருந்தாகக் கொடுக்கிற வைத்தியரிடம் யார்தான் மறுத்துப் பேச முடியும்?

ஆனால் அவர் மட்டுமே எப்போதும் ஜெயித்தார் என்றும் இல்லை. 1918இல் கேடாவில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க அலைந்தபோது சீதபேதி வந்து, இனிப் பிழைக்க மாட்டோம் என்றே நினைத்துவிட்டார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார்கள். அவரோ 1912இல் பாலை விடுவதாக விரதம் எடுத்தவர். பசுவையும் எருமையையும் கறக்கும் கொடுமையை நினைத்துத்தானே விட்டீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னவர் பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா! விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரைக் கொன்றுவிட்டேன் என்று அவர் கடைசிவரை உறுத்தலோடு அந்தப் பாலைக் குடித்தார். மற்ற உலகத்துக்கு அது வெறும் ஆட்டுப்பால்.

1924 ஜனவரி 12, புனே சாசூன் ஆஸ்பத்திரி. எரவாடா சிறையில் ஆறு வருஷ தண்டனையில் இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி. 1909இல் 'ஹிந்த் சுவராஜ்' எழுதியபோது ஆஸ்பத்திரிகளைப் பாவத்தைப் பரப்பும் இடங்கள் என்று திட்டித் தீர்த்தவர். இப்போது வெள்ளைக்கார டாக்டர் கர்னல் மேடக் கத்தியோடு நிற்கிறார். ஆள் செத்துப்போனால் ஊர் என்ன பேசும் என்று அரசாங்கத்துக்குப் பயம். அப்போது பக்கத்தில் வந்து நின்றவர் நம் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அரசியலில் காந்திக்கு எதிர்த் தரப்பு மிதவாதி. அவர் எழுத, மேடக்கின்மேல் தனக்கு முழு நம்பிக்கை என்ற அறிக்கையில் காந்தி நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டார். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே மின்விளக்கு போய்விட்டது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள்.

இதை முரண்பாடு என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. தன் உடம்பு, தன் நம்பிக்கை; இரண்டையும் எடைபோட்டு ஒன்றை விட்டுக்கொடுத்தார். கொள்கைக்காரர்கள் பலர் இதைக்கூடச் செய்ய மாட்டார்கள்.

அடுத்தது எழுதக் கஷ்டமான பகுதி. 1942 ஆகஸ்ட் 9 அன்று கைதாகி புனே ஆகாகான் மாளிகையில் அடைக்கப்பட்டார். 15ஆம் தேதி அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் அங்கேயே இறந்தார். 28ஆம் தேதி 'ஆரோக்கியத்தின் திறவுகோல்' எழுத ஆரம்பித்தார். டிசம்பர் 18இல் முடித்தார். மகன் மாதிரி இருந்தவர் போன இரண்டு வாரத்தில் காற்று, தண்ணீர், உணவு என்று உட்கார்ந்து எழுத ஒரு தனி மனசு வேண்டும். அதே மாளிகையில்தான் கஸ்தூரிபாவின் இருதயமும் நுரையீரலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டன.

அவர் மருந்தை வெறுத்தவர் அல்ல. கூடவே சிறையிலிருந்த டாக்டர்கள் சுசீலா நய்யாரும் கில்டரும் கொடுத்ததைச் சாப்பிட்டார். இயற்கை வைத்தியர் தின்ஷா மேத்தா வேண்டும், ஆயுர்வேத வைத்தியர் வேண்டும் என்று கேட்டார். அரசாங்கம் இழுத்தடித்தது. லாகூரிலிருந்து வந்த பண்டிட் சிவ சர்மா இரவில் உள்ளே தங்க அனுமதி கிடைக்காமல் வாசலில் காரிலேயே தூங்கினார். கடைசியில் மகன் தேவதாஸ் பெனிசிலின் தருவித்தார். அப்போது புத்தம் புதிய மருந்து, போர்க்களத்துக்கே பற்றாக்குறை. கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வந்தது. சில மணிக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும், சாகப்போகிறவளை ஏன் குத்துகிறாய், கடவுளிடம் விட்டுவிடு என்று காந்தி மகனைத் தடுத்தார். 1944 பிப்ரவரி 22 மாலை கஸ்தூரிபா அவர் மடியிலேயே இறந்தார். டர்பனில் சொன்ன வார்த்தை முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பலித்தது.

பெனிசிலின் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். சிறுநீரகங்கள் ஏற்கெனவே ஓய்ந்திருந்தன. டாக்டர்களே நம்பிக்கை இழந்திருந்தார்கள். மரணப் படுக்கையில் ஊசி வேண்டாம் என்பது கொடுமை அல்ல; இன்று பல டாக்டர்களும் அதையே சொல்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. போட்டிருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள், என் நம்பிக்கைதான் திவாலாகியிருக்கும் என்ற பொருளில் பிற்பாடு அவர் பேசினார். யாருடைய நம்பிக்கை? சில வாரத்தில் அவருக்கே மலேரியா வந்தது. முதலில் வேண்டாமென்றார், பிறகு குயினைன் சாப்பிட்டார். தன் நம்பிக்கையை வளைக்கும் உரிமை அவர் கையிலேயே இருந்தது. கஸ்தூரிபாவுக்கு அந்த உரிமை அன்றைக்கு இருந்ததா என்று யாரும் கேட்டுவைக்கவில்லை.

விடுதலையான பிறகு இயற்கை மருத்துவத்தில் இன்னும் தீவிரமானார். புனே நகரத்தில் ஒரு மருத்துவமனை நடத்தலாம் என்று தொடங்கி, ஏழைக்கு நகரத்தில் என்ன வேலை என்று தோன்றி, 1946 மார்ச்சில் பக்கத்திலிருந்த உருளி காஞ்சன் கிராமத்துக்குப் போனார். வெயில் குளியல், இடுப்புக் குளியல், பழச்சாறு, எல்லாவற்றுக்கும் மேலே ராமநாமம். அவர் அங்கே இருந்தது சில நாள்தான். பொறுப்பேற்ற மணிபாய் தேசாய் அங்கேயே தங்கிவிட்டார். சும்மா வைத்தியம் மட்டும் பார்த்தால் கிராமம் தேறாது என்று கண்டு மாடு, பால், தீவனம் என்று இறங்கி, 1967இல் பைஃப் என்ற அமைப்பையே உருவாக்கினார். பட்டினிக்கு இடுப்புக் குளியல் மருந்தில்லை அல்லவா.

1947 மே மாதம், பாட்னா. காந்தியோடு இருந்த பேத்தி முறைப் பெண் மனுவுக்குக் கடும் வயிற்று வலி. ஆகாகான் மாளிகையில் கஸ்தூரிபாவுக்குப் பணிவிடை செய்த அதே மனு. காந்தி முதலில் வழக்கம்போல் மண்பட்டி போட்டார். வலி குறையவில்லை. குடல்வால் என்று சந்தேகம் வந்ததும் டாக்டர்களைக் கூப்பிட்டார். அறுவை செய்யுங்கள் என்றார். செய்தபோது முகத்தில் துணி கட்டிக்கொண்டு அறுவை அறைக்குள் நின்று பார்த்தார். ராமநாமத்தின்மேல் தன் நம்பிக்கை போதாததால் வந்த தோல்வி என்று அவருக்குள் ஒரு வருத்தம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெனிசிலினை மறுத்தவர், இந்தத் தோல்வியைத் தானே ஏற்றுக்கொண்டார்.

மனு பிழைத்தார். எட்டு மாதம் கழித்து, 1948 ஜனவரி 30 மாலை, பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தபோது, காந்தியின் ஒரு கை அந்தப் பெண்ணின் தோள்மேல் இருந்தது.